காபியின் சுவைகளைப் பெயர் சொல்லிப் பிரித்தறிய: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காபித் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, நீளமான மேசையில் ஆறு கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்துச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். என்னோடு வந்தவர்கள் ஆளுக்கொரு கரண்டி எடுத்து உறிஞ்சிவிட்டு, "ஆரஞ்சு", "வெல்லம்", "மிளகு" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார்கள். எனக்கு ஆறும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பால் இல்லாத, சர்க்கரை இல்லாத, லேசாகப் புளித்த காபி. ஊர் திரும்பியதும் விலை அதிகமான கொட்டைகளாகப் பார்த்து வாங்கினேன். பொட்டலத்தில் அச்சடித்திருந்த சுவைக் குறிப்புகளை மனப்பாடம் செய்தேன். ஒன்பது மாதம் அப்படியே போயிற்று. அப்புறம்தான் பழகும் முறையை மாற்றினேன். மூன்றே மாதத்தில் டம்ளருக்கு டம்ளர் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது.

அந்த ஒன்பது மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது. நான் செய்த தவறு ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு காபியைக் குடித்து, அதில் அடுத்தவர் சொன்ன சுவையைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு காபியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நாக்குக்கு வேலை வரும். அந்த வித்தியாசத்துக்குப் பெயர் வைக்க, நீங்களே மோந்து பார்த்த பொருள்தான் உதவும். கீழே இருக்கும் படிகள் எல்லாமே இந்த இரண்டையும் வைத்துத்தான்.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கச் செலவு எனக்கு ஏறத்தாழ 5,000 ரூபாய் ஆனது. அதில் பாதி அரைக்கும் கருவிக்கு. வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம். மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

1. நாக்கின் வேலையையும் மூக்கின் வேலையையும் பிரித்துப் பாருங்கள்

காபி எதுவும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு சிட்டிகை ஏலக்காய்ப் பொடியை அரை ஸ்பூன் சர்க்கரையில் கலந்துகொள்ளுங்கள். மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதை வாயில் போடுங்கள். இனிப்பு மட்டும்தான் தெரியும். பத்து நொடி கழித்து மூக்கை விடுங்கள். ஏலக்காய் அப்படியே மேலே எழும்பி வரும். நாக்கு இனிப்பைத்தான் சொன்னது. தொண்டையின் பின்வழியாக ஏறிய வாசனையைக் கொண்டு "ஏலக்காய்" என்று சொன்னது மூக்கு. காபியில் ஆரஞ்சு, வெல்லம், மிளகு என்று சொல்வதெல்லாம் இந்தப் பின்வழி வாசனைதான். அதனால்தான் சளி பிடித்திருக்கும் நாளில் சுவைக்க உட்காரவே கூடாது.

அடுத்தது நாக்கு. மூன்று பாட்டிலில் ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து, ஒன்றில் 10 கிராம் சர்க்கரை, இன்னொன்றில் 2 கிராம் உப்பு, மூன்றாவதில் அரை கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கரைத்துக்கொள்ளுங்கள். யாரையாவது இடம் மாற்றி வைக்கச் சொல்லி, எது எது என்று கண்டுபிடியுங்கள். சுலபமாக வந்துவிட்டால் பாதியாக நீர்க்க வைத்துத் திரும்பச் செய்யுங்கள்.

இங்கே தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கசப்புக்கும் துவர்ப்புக்கும் நமக்குத் தனித்தனி வார்த்தை சின்ன வயதிலிருந்தே பழக்கம். பால் இல்லாத காபியைக் குடித்ததும் புதியவர்கள் சொல்லும் முதல் வார்த்தை "கசக்குது". கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். வெந்தயத்தை மென்றபோது அடிநாக்கில் தங்குகிறதே, அதுவா? வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தபோது வாய் வறண்டு நாக்கு சொரசொரப்பாகிறதே, அதுவா? அல்லது புளிக்கரைசலைத் தொட்டு நக்கியபோது தாடை ஓரத்தில் எச்சில் ஊறுகிறதே, அதுவா? முதலாவது கசப்பு, இரண்டாவது துவர்ப்பு, மூன்றாவது புளிப்பு. இளம் வறுவல் காபியில் நான் கசப்பு என்று நினைத்திருந்தது பெரும்பாலும் புளிப்பு. இதைப் பிரித்த அன்றைக்குத்தான் எனக்குக் கதவு திறந்தது.

2. அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஆரம்பியுங்கள்

காபிக்கென்று ஒரு சுவைச் சக்கரம் உண்டு. அமெரிக்கச் சிறப்புக் காபிச் சங்கம் 1995-ல் வெளியிட்டு, 2016-ல் உலகக் காபி ஆய்வு அமைப்புடன் சேர்ந்து புதுப்பித்தது. நடுவில் பழம், பூ, மசாலா, கொட்டை வகை, புளிப்பு என்று பெரிய பிரிவுகள். வெளிவட்டத்துக்குப் போகப் போகத் தனித்தனிப் பெயர்கள். நல்ல கருவிதான். ஆனால் வெளிவட்டத்தில் புளூபெர்ரி, பிளாக்பெர்ரி, மேப்பிள் பாகு என்று இருக்கும். அவற்றை நீங்கள் மோந்ததே இல்லை என்றால் அந்தப் பெயர்கள் உங்களுக்கு எதையும் காட்டித் தராது. முதல் ஆறு மாதம் நடு வட்டத்தோடு நின்றுகொள்ளுங்கள். "ஏதோ பழம்" என்று சொல்ல முடிந்தால் போதும். எந்தப் பழம் என்பதை உங்கள் ஞாபகம் பிறகு கொண்டுவரும்.

அந்த ஞாபகத்தைத் தயார் செய்வதுதான் இந்தப் படி. மூடியுள்ள சின்ன டப்பாக்கள் பன்னிரண்டு எடுத்து, அடியில் பெயர் எழுதி ஒட்டி, இவற்றை டப்பாவுக்கு ஒன்றாகக் கொஞ்சம் போட்டு வையுங்கள்: நாட்டுச்சர்க்கரை, மண்டை வெல்லம், பனங்கற்கண்டு, வறுத்த வேர்க்கடலை, தோலோடு பாதாம், கிராம்பு, பட்டை, மிளகு, காய்ந்த திராட்சை, பேரீச்சை, உலர்ந்த எலுமிச்சைத் தோல், கோகோ பொடி. தினமும் ஐந்து நிமிடம், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் திறந்து மோந்து பெயர் சொல்லுங்கள். முதல் வாரம் வெல்லத்துக்கும் நாட்டுச்சர்க்கரைக்கும் குழம்புவீர்கள். வெல்லத்தில் லேசான உப்பும் புகையும் கலந்த ஒரு வாடை உண்டு. பனங்கற்கண்டு இன்னும் மெல்லிசு. இரண்டு வாரத்தில் பிரிந்துவிடும். ஒருமுறை மோந்தபின் முழங்கையின் உட்பக்கத்தை மோந்துகொள்ளுங்கள். மூக்கு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இதற்கென்றே வாசனைப் புட்டிகள் அடங்கிய வெளிநாட்டுப் பெட்டிகள் விற்கிறார்கள். நான் பார்த்தது இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு மாதம் வைத்திருந்தேன். பாதி வாசனைகள் என் வாழ்க்கையில் எங்குமே வராதவை. மோந்ததும் எந்த ஞாபகமும் வரவில்லை. அந்தப் பணத்துக்கு இரண்டு வருடத்துக்கான காபி வாங்கலாம்.

எனக்கு முதன்முதலில் ஒரு சுவை பிடிபட்டதைச் சொல்கிறேன். ஏற்காட்டுக் கொட்டை, கழுவிப் பதப்படுத்தியது, அதாவது பழச் சதையை நீக்கிக் கழுவி உலர்த்தியது. டம்ளர் வெதுவெதுப்பாக ஆறியிருந்தது. உறிஞ்சியதும் அத்தை வீட்டு மொட்டை மாடி கண்முன் வந்துவிட்டது. காபிக்கும் மொட்டை மாடிக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னொரு கரண்டி எடுத்தேன். மாடியில் அத்தை குளியல் பொடிக்காகக் கமலா ஆரஞ்சுத் தோலை முறத்தில் காயவைத்திருப்பார்; அந்தக் காய்ந்த தோலின் வாசனை. பொட்டலத்தில் "பெர்கமாட்" என்று போட்டிருந்தது. அந்தப் பழத்தை நான் பார்த்ததில்லை. அதுவும் ஆரஞ்சு, எலுமிச்சை இனத்துப் பழம்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் முதலில் பெயர் வராது. ஒரு இடமோ ஆளோதான் ஞாபகத்துக்கு வரும். அதை விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் என்ன வாசனை இருந்தது என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

3. பொட்டலத்தில் எதைப் படிக்க வேண்டும்

காபி வாங்கும்போது பொட்டலம்தான் உங்களுக்கு ஆவணம். ஐந்து விவரங்கள் இருக்க வேண்டும்: தோட்டம் அல்லது ஊர், கொட்டையின் ரகம், பதப்படுத்திய முறை, வறுவல் அளவு, வறுத்த தேதி. கடைசியில் சொன்னது இல்லையென்றால் வாங்காதீர்கள். "பேக் செய்த தேதி" வேறு, "வறுத்த தேதி" வேறு. வறுத்து ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை சுவைத்துப் பழக நல்ல காலம். அதற்குப் பிறகு வாசனை இறங்கிவிடும்.

சிக்கரி கலந்த பொடி இந்த வேலைக்கு ஆகாது. கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பதும், சிக்கரி எவ்வளவு என்று பொட்டலத்தில் போட வேண்டும் என்பதும் நம் நாட்டு விதி. அந்த எழுத்து சிறியதாக இருக்கும், தேடிப் படியுங்கள். உதிரியாக வாங்கிய பொடியில் சந்தேகம் வந்தால் குளிர்ந்த தண்ணீர் இருக்கும் கண்ணாடி டம்ளரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். காபித் தூள் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே அடிக்குப் போகும்.

நம் ஊர்க் காபிக் கடைகளில் புழங்கும் பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். அராபிகா, ரோபஸ்டா என்பவை காபிச் செடியின் இரண்டு இனங்கள். "பிளாண்டேஷன்" என்றால் கழுவிப் பதப்படுத்திய அராபிகா. "பார்ச்மெண்ட்" என்று ரோபஸ்டாவுக்குச் சேர்த்துச் சொன்னால் அது கழுவிய ரோபஸ்டா. "செர்ரி" என்றால் பழத்தோடு வெயிலில் உலர்த்தியது. ஏ, பி, சி என்பவை பெரும்பாலும் கொட்டையின் அளவைக் குறிக்கும். "பீபெரி" என்பது பழத்துக்குள் வழக்கமான இரண்டு கொட்டைக்குப் பதிலாக ஒன்றே உருண்டையாக விளைந்தது. அளவை வைத்துச் சுவையை முடிவு செய்ய முடியாது. ஏ என்று கேட்டு வாங்கிவிட்டு அதுவே உயர்ந்த சுவை என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

வறுவலில் இளம் வறுவலோ நடு வறுவலோ கேளுங்கள். கொட்டை கறுத்து எண்ணெய் மினுங்கினால் எந்தத் தோட்டத்தின் காபியும் ஒன்றுபோலக் கரிச் சுவைக்குப் போய்விடும். ஒப்பிட அங்கே ஒன்றும் மிஞ்சாது.

எந்த இரண்டை ஒப்பிடுவது? முதலில் எட்ட இருப்பவை, பிறகு கிட்ட இருப்பவை. நான் சொல்லும் வரிசை இது.

முதல் மூன்று வாரம்: கழுவிய அராபிகா ஒன்று, கழுவிய ரோபஸ்டா ஒன்று. சேர்வராயன் மலையிலிருந்தோ கீழ்ப்பழனியிலிருந்தோ சிக்மகளூரிலிருந்தோ வந்த அராபிகாவில் புளிப்பும் வாசனையும் முன்னால் வரும். ரோபஸ்டாவில் கனமும் கசப்பும், வறுத்த தானிய வாசனையும். இது தெரியாமல் போகவே போகாது.

அடுத்த மூன்று வாரம்: அதே அராபிகாவோடு மான்சூன்ட் மலபார். மங்களூர்ப் பக்கக் கிடங்குகளில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொட்டையைப் பரப்பி ஈரமேற வைப்பார்கள். கொட்டை உப்பி வெளிறிவிடும், புளிப்பு பெருமளவு போய்விடும். புளிப்பு உள்ள காபிக்கும் இல்லாத காபிக்கும் இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஏழாவது வாரம் முதல்: ஒரே தோட்டத்தின் கழுவிய காபியும், பழத்தோடு உலர்த்திய காபியும். பின்னதில் காய்ந்த திராட்சை, பழுத்த பலாப்பழம் போன்ற வாடை வரும். ஒரே செடி, ஒரே மண், பதப்படுத்தியது மட்டும் வேறு என்பதால் இந்த ஜோடி எனக்கு மிகவும் பிடிக்கும். இதற்கும் பிறகுதான் எஸ்.795, செலக்‌ஷன் 9 என்று ரகத்துக்கு ரகம் ஒப்பிடும் ஆசை. அவசரப்பட வேண்டாம்.

4. சாமான்கள்

அரைக்கும் கருவி வேண்டும். கையால் சுற்றும் பல்சக்கர வகை போதும். நான் 2,500 ரூபாய்க்கு வாங்கியதை இன்னும் வைத்திருக்கிறேன். கடையிலேயே அரைத்து வாங்கிவரலாமே என்று தோன்றும். வேண்டாம். சிக்கரி கலந்து அரைக்கும் அதே இயந்திரத்தில் உங்கள் கொட்டையையும் போடுவார்கள். அதில் ஒட்டியிருக்கும் தூள் உங்கள் டம்ளரில் வந்து சேரும். நான் இரண்டு வாரம் "கேரமல் வாசனை" என்று எழுதி வைத்திருந்தது கடைசியில் அதுதான்.

0.1 கிராம் காட்டும் தராசு, எனக்கு 700 ரூபாய் ஆனது. ஒரே அளவிலான கண்ணாடி டம்ளர் நான்கு. வீட்டில் இருக்கும் குழிவான சூப் கரண்டி இரண்டு. கப்பிங்குக்கென்றே, அதாவது காபியைக் கரண்டியால் உறிஞ்சிச் சுவைத்துப் பார்க்கும் முறைக்கென்றே, விற்கும் கரண்டி தேவையில்லை. துப்புவதற்கு ஒரு பெரிய டம்ளர். கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொள்ளலாம். மீதிப் பணம் காபிக்கு.

காபிச் செலவு எப்படி வருமென்றால், ஒரு அமர்வுக்கு ஒவ்வொரு காபியிலும் இரண்டு டம்ளர், அதாவது 16.5 கிராம். 250 கிராம் பொட்டலம் பதினைந்து அமர்வுக்கு வரும். ஒரு பொட்டலம் 550 ரூபாய் என்று வைத்தால் இரண்டு காபிக்கும் சேர்த்து அமர்வுக்கு 73 ரூபாய். பதினைந்து அமர்வு முடிய ஏழெட்டு வாரம் ஆகும், அதற்குள் வாசனை போய்விடும். அதனால் வாங்கிய வாரமே கொட்டையாகவே சின்னச் சின்னக் காற்றுப் புகாப் பைகளில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். எடுத்த பையைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

5. தண்ணீரில் ஏமாந்துவிடாதீர்கள்

எனக்குப் பெரிய அடி விழுந்தது இங்கேதான். நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதில் காய்ச்சி ஒரு மாதம் முழுக்கச் சுவைத்தேன். எல்லாக் காபியும் சுண்ணாம்பு கலந்ததுபோல மொண்ணையாக இருந்தது. புளிப்பு எதிலும் இல்லை. என் நாக்கு சரியில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். கோயம்புத்தூரில் சிநேகிதர் வீட்டுக்குப் போனபோது அதே கொட்டைப் பையை எடுத்துப்போய்ச் சிறுவாணித் தண்ணீரில் போட்டோம். முதல் கரண்டியிலேயே புளிப்பு பளிச்சென்று வந்தது. கடினத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் காபியின் அமிலத்தைச் சமன்செய்து விழுங்கிவிடுகிறது என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

சர்வதேசக் காபிச் சங்கங்கள் சொல்லும் அளவு, லிட்டருக்கு 150 மில்லிகிராம் கரைபொருள், அதாவது டிடிஎஸ். 75 முதல் 250 வரை சரி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் 900. டிடிஎஸ் அளக்கும் பேனா 250 ரூபாய்க்குக் கிடைத்தது. மறுபக்கம், ஆர்.ஓ. இயந்திரம் 20, 30-க்கு இறக்கிவிட்ட தண்ணீரிலும் காபி சப்பென்றும் ஒருபக்கமாகப் புளித்தும் இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரோடு கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்து 120 வாக்கில் கொண்டுவந்து, எப்போதும் அதையே பயன்படுத்துகிறேன். கேன் தண்ணீர் வாங்குபவர்கள் கேனுக்குக் கேன் அளந்து பாருங்கள். ஒரே கடை கொடுப்பதே மாறும்.

6. கப்பிங்: நிமிடக் கணக்கு

நேரம்: காலைச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து. நான் பத்தரைக்கு உட்காருவேன். வெற்றிலை பாக்கு, புகை, காரமான ஊறுகாய் எதுவும் அதற்கு முன் கூடாது. ஊதுபத்தி, சாம்பிராணி ஏற்றிய அறையிலும், மல்லிகைப் பூ வைத்துக்கொண்டும் உட்கார வேண்டாம். பக்கத்து அடுப்பில் தாளிப்பு நடந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

அளவு: 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் காபி. வீட்டுத் தராசில் 8.2 என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் டம்ளர் 200 மில்லி பிடிக்கும் என்றால் 11 கிராம். ஒவ்வொரு டம்ளருக்கும் கொட்டையைத் தனியாக நிறுத்துத் தனியாக அரையுங்கள். அரைத்த தூள் ரவை மாதிரி இருக்க வேண்டும், ஃபில்டர் பொடிபோல நைசாக வேண்டாம்.

அரைத்ததும்: தூளைக் குலுக்கி மூக்கை டம்ளருக்குள் விட்டு மோந்து பாருங்கள். எழுதுங்கள். கால் மணி நேரத்துக்குள் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.

ஊற்றும்போது: 93 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால், தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி ஒரு நிமிடம் விடுங்கள். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இருக்கிறீர்களா, காத்திருக்கவே வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தூள் முழுக்க நனையும்படி விளிம்பு வரை ஊற்றுங்கள். கடிகாரத்தை ஓடவிடுங்கள். கலக்காதீர்கள்.

நான்காவது நிமிடம்: மேலே தூள் ஒரு தடிமனான ஆடையாக நிற்கும். மூக்கைக் கிட்டத்தட்ட ஆடையைத் தொடும் அளவுக்குக் கொண்டுபோய், கரண்டியின் முதுகால் மூன்று முறை மெதுவாகத் தள்ளி உடையுங்கள். உடைபடும் அந்த நொடியில் அடைபட்டிருந்த ஆவி மொத்தமாக வெளியே வரும். முழு அமர்விலும் வாசனை மிக அதிகமாக வருவது இந்த இரண்டு நொடிதான். அடுத்த டம்ளருக்குப் போகுமுன் கரண்டியை வெந்நீரில் அலசுங்கள். அலசாமல் போனால் முதல் காபியை இரண்டாவதில் ஊற்றிக் குடித்ததுபோல ஆகும்.

ஆறாவது நிமிடத்துக்குள்: இரண்டு கரண்டியால் நுரையையும் மிதக்கும் தூளையும் வழித்து எடுத்துவிடுங்கள். கலக்காமல் விட்டால் மீதித் தூள் அடியில் படிந்துவிடும்.

பத்தாவது நிமிடம்: முதல் கரண்டி. 70 டிகிரி வாக்கில் இருக்கும். கரண்டியை உதட்டில் வைத்துச் சத்தம் வரும்படி வேகமாக உறிஞ்சுங்கள். சத்தம் போட்டுக் குடிப்பது நம் வீடுகளில் மரியாதைக் குறைவு, கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் காபி துளித்துளியாகச் சிதறி வாய் முழுக்கப் பரவி, ஆவி மூக்குக்கு ஏற வேண்டும் என்றால் இந்த வேகம் வேண்டும். பிறகு துப்பிவிடுங்கள். நான்கு டம்ளரை மூன்று சுற்று விழுங்கினால் பிற்பகலில் நெஞ்சு படபடக்கும்.

நான்கு கேள்வி கேளுங்கள், இதே வரிசையில். புளிப்பு உண்டா, இருந்தால் எலுமிச்சைபோலக் கூர்மையா, தயிர்போல வட்டமா, காடிபோல மூக்கில் ஏறுகிறதா? கனம் எப்படி: தெளிந்த ரசமா, மோரா, கெட்டிப் பருப்புத் தண்ணீரா? துப்பியபின் வாயில் என்ன தங்குகிறது, எவ்வளவு நேரம்? கடைசியாகத்தான் வாசனை என்ன என்பது. புதியவர்கள் இந்தக் கடைசிக் கேள்விக்கு நேராக ஓடுவார்கள். முதல் மூன்றுக்கும் பதில் கிடைத்தால் நான்காவது தானாகவே நெருங்கி வரும்.

இருபதாவது நிமிடமும் முப்பதாவது நிமிடமும்: திரும்பப் போய்ச் சுவையுங்கள். இதை விடவே கூடாது. சூட்டில் நாக்குக்குப் பாதிதான் தெரியும். ஆற ஆறத்தான் புளிப்பும் பழ வாசனையும் இனிப்பும் விரியும். குறைகளும் அப்போதுதான் அம்பலமாகும். நாம் காபி என்றாலே சுடச்சுட என்று வளர்ந்தவர்கள், ஆறிய காபியைக் கீழே ஊற்றுகிறவர்கள். அந்தப் பழக்கத்தால் நான் தவறவிட்ட சுவைகள் ஏராளம். நான் சொன்ன ஆரஞ்சுத் தோல் வந்தது இருபத்தெட்டாவது நிமிடத்தில்.

7. மூன்று டம்ளர் சோதனை

உங்களுக்குத் தெரிகிறதா, தெரிவதாக நினைத்துக்கொள்கிறீர்களா என்று பார்க்க ஒரு வழி. மூன்று டம்ளரில் இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. அடியில் குறியிட்டு, வீட்டில் யாரையாவது இடம் மாற்றச் சொல்லுங்கள். எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும், அதனால் ஒரு தடவை ஜெயித்ததை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஆறு சுற்று செய்து ஐந்து சரியென்றால் அந்த ஜோடியை நீங்கள் தாண்டிவிட்டீர்கள், அடுத்த ஜோடிக்குப் போகலாம். மூன்றுதான் சரியென்றால் இன்னும் ஒரு வாரம் அதே ஜோடி. என் மனைவிதான் எனக்கு டம்ளர் மாற்றி வைத்தவர். நான்காம் வாரத்தில் அவரும் உட்கார ஆரம்பித்தார். துவர்ப்பில் அவருடைய நாக்கு என்னுடையதைவிடக் கூர்மை.

8. எழுதி வைப்பது

ஒரு சாதாரண நோட்டு. தேதி, தண்ணீரின் டிடிஎஸ் அளவு, வறுத்த தேதி, காபியின் பெயர். அதற்குக் கீழே ஐந்து வரி: தூளின் வாசனை, உடைத்தபோது வந்த வாசனை, பத்தாவது நிமிடம், இருபதாவது, முப்பதாவது. பொட்டலத்தில் இருக்கும் சுவைக் குறிப்பை எழுதி முடிக்கும்வரை படிக்கவே கூடாது. நான் பொட்டலத்தின் மேல் காகிதம் ஒட்டிவிடுவேன். படித்துவிட்டால் அதற்குமேல் நாக்கு அதைத்தான் சொல்லும்.

தொழிலில் இருப்பவர்கள் பல வருடமாகப் பயன்படுத்திவந்த மதிப்பெண் தாள் ஒன்று உண்டு. வாசனை, சுவை, தங்கும் சுவை, புளிப்பு, கனம், சமநிலை என்று பத்துத் தலைப்பு, மொத்தம் நூறு, 80 அல்லது அதற்கு மேல் வந்தால் சிறப்புக் காபி. அதைப் பதிவிறக்கி ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், தலைப்புகளைப் பழக உதவும். மதிப்பெண் போடும் வேலை மட்டும் இப்போது வேண்டாம். எண் போட ஆரம்பித்ததும் நான் சுவைப்பதை நிறுத்திவிட்டுத் தீர்ப்பு சொல்லத் தொடங்கிவிட்டேன். இரண்டு மாதக் குறிப்புகளில் 82, 83, 81 என்பதைத் தவிர எதுவுமே இல்லை.

9. குறைகள்

சாக்கு வாடை, பூசணம் பிடித்த மண் வாடை, பழைய காகித வாடை, மருந்து வாடை, அழுகிய பழத்தின் காடி வாடை. இவை வந்தால் நாக்கைச் சந்தேகிக்காதீர்கள், அது காபியின் குறை. பழைய விளைச்சல் என்றால் காய்ந்த மரச் சட்டத்தை மோந்ததுபோல இருக்கும். ஒரே காபியின் இரண்டு டம்ளரில் ஒன்றில் மட்டும் வந்தால் ஒரு கெட்ட கொட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு டம்ளர் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

10. வகுப்புக்குப் போவதென்றால்

இந்தியக் காபி வாரியம் பெங்களூரில் காபி சாஸ்த்ரா என்ற பெயரில் குறுகிய பயிற்சி நடத்துகிறது. வறுப்பதும் காய்ச்சுவதும் சுவைப்பதும் நேரில் பார்க்கலாம். தரம் பார்ப்பதையே தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்குக் காபித் தர மேலாண்மையில் ஒரு பட்டயப் படிப்பும் வாரியம் நடத்துகிறது. கட்டணம், இடம், தேவையான சான்றிதழ்கள் தொகுதிக்குத் தொகுதி மாறும் என்பதால் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தனியார் வகுப்புகளில் சேருமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு நாளில் எத்தனை காபியை அருகருகே வைத்துச் சுவைக்கத் தருவீர்கள்? நான் 3,500 ரூபாய் கட்டிப் போன ஒரு வகுப்பில் ஐந்து மணி நேரம் படம் காட்டினார்கள், சுவைத்தது இரண்டே காபி. எட்டுக்குக் குறையாமல் தருவார்கள் என்றால் போங்கள்.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், கோடை நல்ல காலம். நம் மலைகளில் அராபிகாப் பழம் பறிப்பது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நடக்கும். பதப்படுத்தி, உலர்த்தி, ஓய்வுக்கு வைத்து, வறுப்பவர்கள் கைக்குப் புது விளைச்சல் வந்துசேர ஏப்ரல், மே ஆகிவிடும். வாங்கும்போது "இது எந்த வருடத்து அறுவடை?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள். முதல் ஜோடியைப் புது விளைச்சலில் தொடங்கினால், பத்தாவது நிமிடத்துக்கும் முப்பதாவது நிமிடத்துக்கும் நடுவே டம்ளரில் நடக்கும் மாற்றம் முதல் வாரத்திலேயே தெரியும்.